லீலாவதி நின்ற கடைகள்

டெல்லி கரோல் பாகில் கடை ஏறி இறங்குவதில் லீலாவதியை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து வந்தவள், மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் கணவர் பாலசுப்ரமணியம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவருவார்.

அப்படிப்பட்டவளுக்குப் போன குளிர்காலத்தில் வலது கெண்டைக்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் நடந்தால் போதும், யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் சதையை முறுக்கும். நின்றால் விட்டுவிடும். நடந்தால் மறுபடியும் பிடிக்கும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் உடனே டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். லீலாவதி ஓடவில்லை. நடுரோட்டில் கால்வலியோடு நிற்கிறாளே என்று நாலு பேர் நினைத்துவிட்டால்? ஆகவே வலி வந்த இடத்தில் எந்தக் கடை இருந்ததோ, அதில் சாமான் பார்க்க வந்தவளாகிவிட்டாள்.

பூட்டுக்கடையில் பூட்டுப் பார்த்தாள். சூட்கேஸ் கடையில் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். கடைக்காரர் ஸ்டூல் போட்டு டீயும் வரவழைத்துவிட்டதால் மரியாதைக்கு ஒன்றை வாங்க வேண்டியதாயிற்று.

"இது எதுக்குளா? நாம எங்க போகப் போறோம்?" என்றார் பாலசுப்ரமணியம்.

"ஏன், போக மாட்டமாக்கும்?" என்று அவர் வாயை அடைத்தாள்.

ஒரு சனிக்கிழமை கால் பிடித்துக்கொண்ட இடம் மாப்பிள்ளை உடுப்புக் கடை. "ஆயியே மாஜி! பேட்டே கி ஷாதி?" என்று மகனுக்குக் கல்யாணமா என விசாரித்தார் கடைக்காரர். வலி விடும் வரை நின்றாக வேண்டுமே! லீலாவதி தலையை ஆட்டினாள். அவர் ஒரு சிவப்புத் தலைப்பாகையை அவள் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து ஃபிளாட் அம்புஜத்தின் ரிக்ஷா அந்தப் பக்கம் போனது.

சாயங்காலம் அம்புஜம் லட்டு டப்பாவோடு வந்து நின்றாள். "வெங்கிக்குக் கல்யாணமாமே! எங்கிட்டகூட மூச்சு விடலையே நீ! பொண்ணு பஞ்சாபியா?"

பாலசுப்ரமணியத்தின் கையிலிருந்த பேப்பர் நழுவியது. அம்புஜம் யார் யாரிடம் சொன்னாளோ, ராத்திரிச் சாப்பாட்டுக்குள் குருகிராமிலிருந்து மகன் வெங்கியே ஃபோன் பண்ணிவிட்டான். "அம்மா, யாரும்மா அந்தப் பொண்ணு?"

வேறு வழியில்லை. லீலாவதி உண்மையைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையில் ஒருமுறை, கணுக்காலில் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்தார். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கியிருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்து, நடைப்பயிற்சிக்கு வைஷ்ணவி என்ற பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண்; தமிழில் இந்தி கலந்துவிடும்.

"ஆன்ட்டி, நல்லா வலி வர்ற வரைக்கும் நடங்க. அப்புறம் நில்லுங்க. வலி பூரா போனதும் ஃபிர், மறுபடி நடங்க. அவ்ளோதான்."

"வலிக்குன்னு வந்தா, வலிக்கிற வரைக்கும் நடக்கச் சொல்லுதியே! அதத்தான நான் கடை கடையா செஞ்சுக்கிட்டு இருந்தேன்?"

"நீங்க லேசா வலிச்சதுமே கடைக்குள்ள போயிட்டீங்க," என்று சிரித்தாள் வைஷ்ணவி. "சுருங்கின குழாய் அப்படியேதான் இருக்கும் ஆன்ட்டி. ஆனா நடக்க நடக்க, கிடைக்கிற ரத்தத்தை வச்சு வேலை செய்யக் கால் கத்துக்கும்."

வாரம் மூன்று நாள் வைஷ்ணவியின் கண்ணெதிரே டிரெட்மில் மெஷினில் நடை. லீலாவதி அங்கும் பேரத்தை விடவில்லை.

"ரெண்டு நிமிஷம் கொறச்சுக்கோ தாயி."

"ஃபிக்ஸ்டு ரேட், ஆன்ட்டி."

முதல் சில வாரங்கள் எரிச்சலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மெஷினையும் வைஷ்ணவியையும் சேர்த்துத் திட்டுவாள். ஆனால் ஒரு நாள்கூடப் போகாமல் இருந்ததில்லை. மற்ற நாட்களில் கடைத்தெருவில் நடந்தாள். வலி வந்தால் நடைபாதையிலேயே நின்று, கேட்டவர்களிடமெல்லாம் "கால் வலிக்கி, விடட்டும்" என்று சொன்னாள். ஒருவரும் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயம், மயூர் விஹாரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். வீட்டிலிருந்து மெட்ரோ வரை லீலாவதி எங்கும் நிற்கவில்லை. ஸ்டேஷனில் பாலசுப்ரமணியம் லிஃப்டுக்கு வரிசையில் நிற்க, அவள் படியேறி மேலே போய்ச் சேர்ந்துவிட்டாள். சந்தோஷம் தாங்காமல் அங்கிருந்தே வைஷ்ணவிக்கு ஃபோன் போட்டாள்.

"அரே வாஹ்! சூப்பர் ஆன்ட்டி! அப்ப நாளையிலேருந்து மெஷினைக் கொஞ்சம் மேடா ஏத்திடறேன்."

லீலாவதி ஃபோனைப் பையில் போட்டாள். "இவகிட்டப் போயி சொன்னேன் பாருங்க" என்றாள், அப்போதுதான் லிஃப்டை விட்டு வெளியே வந்த கணவரிடம்.