அண்ணன் கேட்ட வானம்

சுவிட்சை அணைத்தது நான்தான். வெளியே தொலைநோக்கியோடு நின்ற என் வீட்டுக்காரர், "ஒரு மணித்தியாலம் போதும், அணைச்சிடு" என்றார். அணைத்தேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து கீழேயிருக்கும் கழிவறைக்குப் போகக் கற்படிகள் உண்டு. அந்தப் படிகளுக்கிருந்த ஒரே விளக்குக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் மின்சாரம் போனது.

அவர் அட்டனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறவர். வானத்தைப் படம் பிடிப்பதில் அப்படி ஒரு பைத்தியம். மழையும் பனிமூட்டமும் விட்டுவைக்கும் இரவுகள் இங்கே கொஞ்சம்தான். ஓரியன் நெபுலா மங்கலான வாயு மேகம், ஒரு படத்தில் சிக்காது. ஒரே இடத்தைப் பல படங்களாக எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் நிறம் வரும். பக்கத்தில் விளக்கு எரிந்தால் எல்லாம் வெளுத்துவிடும். அந்த நிறத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான், பழியை அவர்மேல் மட்டும் போட மாட்டேன்.

எட்டு மணிபோலப் பக்கத்து வீட்டு அக்கா படியிறங்கியிருக்கிறார். விழுந்த சத்தம்தான் கேட்டது. ஆட்கள் டோர்ச்சோடு ஓடினார்கள். நான் பதறிப்போய் விளக்கைப் போட்டேன். "லூஸ் கனெக்‌ஷன், தானா நிக்கிது, தானா எரியுது" என்றார் கூட்டத்தில் ஒருவர். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வாயைத் திறக்கவில்லை. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அக்காவின் உயிர் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் அதன்பிறகு கமராவைத் தொடவேயில்லை. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அக்காவின் புருஷன் வந்து நின்றார். நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். "தம்பி, அன்னைக்கு வானத்த எடுத்தீங்கல்ல. அவ போன நேரத்து வானம். ஒரு காப்பி குடுங்க."

மறுக்க முடியவில்லை. அன்றிரவே இவர் படங்களை அடுக்கினார். கடைசி மூன்றில் டோர்ச் வெளிச்சம் கோடு கோடாக ஓடியிருந்தது. மற்றவற்றில் இல்லாததைப் பிழையென்று எடுத்து, கணினி அந்தக் கோடுகளை அழித்துவிட்டது. கணினியைச் சொல்லிக் குற்றமில்லை. வாயிருந்தும் பேசாதவர்கள் நாங்கள்.

சிவப்பும் ஊதாவுமாய் வந்த அந்தப் படம் இப்போது அக்காவின் மாலை போட்ட போட்டோவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அண்ணன் இரண்டுக்கும் சேர்த்துத்தான் சாம்பிராணி காட்டுகிறார். பொழுது சாய்ந்தபின் நான் படிப்பக்கம் போனால் போதும், உள்ளேயிருந்து ஓடி வந்துவிடுவார்.

"அந்த லைட்ட நம்பாத தங்கச்சி. நில்லு, நா டோர்ச் அடிக்கிறேன்."

அவர் காட்டும் வெளிச்சத்தில்தான் தினமும் இறங்கி ஏறுகிறேன்.