முதல் வரிக்கு மேலே ஒரு சுழி

திருவனந்தபுரத்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பாறசாலை வீட்டிலிருந்தபடியே இணையப் பக்கங்கள் செய்துகொடுக்க ஆரம்பித்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு ஜவுளிக்கடை. பாலராமபுரத்துச் சேலைகள் விற்கிற கடை. முதலாளி பழைய சைவக் குடும்பத்துப் பெரியவர். இதில் என் பெயர் கெட்டால் நெய்யாற்றின்கரை வரைக்கும் ஒருவரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

பெரியவரையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய மருமகன் இருக்கிறாரே! எங்கோ கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் படித்த அரைகுறை. எதைச் சொன்னாலும் "அறியும், அறியும்" என்பார், எல்லாம் தெரிந்தவர்போல.

நான் முடித்துக்கொடுத்த பக்கத்தில், 'வாங்க' என்ற பொத்தான் போன் திரையின் அடியிலேயே நிற்கும். பக்கத்துக்குள் நான் எழுதிவைத்த சிறு நிரல், ஸ்கிரிப்ட், திரையின் உயரத்தை அளந்து அங்கே நிறுத்தும். திறப்பு நாள் காலையில் பெரியவர் போன் செய்தார்.

"மக்கா, பட்டன காணல்லியே? கடைசிச் சேலைக்கும் கீழ கெடக்கு. இதுக்காக்கும் ஒன்கிட்ட வேலைய ஏல்பிச்சது?"

கடைக்கு ஓடினேன். பக்கத்தின் கோப்பைத் திறந்தால் முதல் வரிக்கும் மேலே ஒரு 'உ'. பிள்ளையார் சுழி! மருமகனின் கைவரிசை.

எங்கள் வீட்டிலும் தாளின் தலையில் சிலுவை போடுவார்கள். பக்தி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால், 'இது புதுமுறைப் பக்கம்' என்று அறிவிக்கிற வரிதான் கோப்பில் முதலில் வரவேண்டும். அதற்கு முன்னால் ஓர் எழுத்து வந்தாலும் பிரவுசர் அதைப் பழங்காலத்துப் பக்கமென்று நினைத்துப் பழைய கணக்குக்குப் போய்விடும். அப்புறம் திரையின் உயரம் கேட்ட என் ஸ்கிரிப்டுக்கு மொத்தப் பக்கத்தின் உயரம் கிடைக்கும். பொத்தான் பாதாளத்துக்குப் போகும்.

"அந்தச் சுழிய எடுத்தா சரியாவும்" என்றேன்.

"பிள்ளையாரயா எடுக்கச் சொல்லுத?" என்றார் மருமகன், கோயிலை இடிக்கச் சொன்னதுபோல. "அவருக்கு முன்னால ஒண்ணும் வரப்பிடாது."

பெரியவரும் தலையாட்டினார். இந்த மூடர்களோடு மல்லுக்கட்ட நேரமில்லை. பழைய கணக்கிலும் திரை உயரத்தைச் சரியாகச் சொல்லுகிற இடம் ஒன்று உண்டு. ஸ்கிரிப்டை அங்கே கேட்கவைத்தேன். பொத்தான் ஏறி வந்து நின்றது.

"கண்டா? சுழி கெடந்ததுகொண்டாக்கும் சரியாச்சு" என்று மருமகன் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அடுத்த மாதம் பெரியவரின் உறவினர் ஒருவர் தன் கல்யாண மண்டபத்துக்கும் பக்கம் கேட்டார். சுழி போட்ட புகழில் வேலை மருமகனுக்குப் போனது. மருமகன் என்னை அழைத்தார்.

"மக்கா, நீ எழுது. தப்பு வந்தா நான் பாத்துக்கிடுதேன்."

"வாறேன்" என்றேன். வேறு யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.