ஐம்பது குழிப் பலகை

வீடு மாறச் சாமான் கட்டும்போது ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள்ளிருந்து ஐம்பது குழி வைத்த மரப்பலகை வந்து விழுந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். எண்ணெயும் பித்தளையும் கலந்த அந்த வாசம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

2009. லண்டன் செவன் கிங்ஸில், பின்வளவில் மரக்கொட்டிலோடு ஒரு வாடகை வீடு. நானும் சுதனும். எனக்கு அப்போது மாதத்துக்கு ஒரு பைத்தியம். தொலைநோக்கி முடிந்து துவக்கு வந்திருந்தது. இந்த நாட்டில் ரிவோல்வர் வைத்திருக்க விடமாட்டார்கள். ஆனால் ரிவோல்வர் ரவை போடுகிற நீட்டுத் துவக்குக்கு லைசென்ஸ் கிடைக்கும். துவக்கைப் பூட்டி வைக்கும் இரும்பு அலமாரியைச் சோதிக்க வந்த போலீஸ்காரர் சுதன் சுட்ட வடை இரண்டு தின்றுவிட்டுப் போனார்.

எசெக்ஸில் ஒரு பண்ணையில் முயல் சுட அனுமதி இருந்தது. கடை ரவை முயலைச் சம்பலாக்கிவிடும். அதனால் சுட்டு முடிந்த வெற்றுப் பித்தளைக் கோதுகளை இந்தப் பலகைக் குழிகளில் நிறுத்தி, வெடிமருந்தைக் குறைத்து நானே நிரப்புவேன். குறைந்த மருந்து கோதின் அடியில் ஒரு சிட்டிகைதான் கிடக்கும். ஒன்று மருந்தில்லாமல் வெறுமையாகப் போனால் ஈயச் சன்னம் துவக்குக் குழலுக்குள் இறுகி, அடுத்த வெடியில் துவக்கு முகத்திலேயே பிளக்கலாம். ஆகவே நான் மருந்து போடப் போட, சுதன் டோர்ச் அடித்து ஒவ்வொரு குழியாகப் பார்த்து "ஓம்" சொல்ல வேண்டும்.

"துவக்குக்குத் தப்பி வன்னியிலயிருந்து ஓடி வந்தனான் நான். நீ காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறாய். விசரா உனக்கு?" என்பான். முயல் கறி வைப்பதும் அவன்தான்.

அவனுடைய தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு வன்னியில் போருக்குள் அகப்பட்டிருந்தாள். யாராவது சாட்டிலைட் போன் கொடுத்தால் இரண்டு நிமிடம் பேசுவாள். நாங்கள் திருப்பி அழைக்க ஏலாது. அந்த மாதங்களில் எங்கள் சனம் போனைக் கைக்குழந்தைபோல் தூக்கிக்கொண்டு திரிந்தது. மருந்து இருக்கும் கொட்டிலுக்குள் போன் கூடாது என்பது மட்டும் நான் போட்ட சட்டம். சுதன் சத்தத்தைக் கூட்டி வீட்டுக் குசினி யன்னலில் வைத்துவிட்டு வருவான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், நாற்பதாவது கோதில் போன் அடித்தது. டோர்ச் வெளிச்சம் பலகையை விட்டு விலகியது.

"நில்லடா. பத்துத்தான் கிடக்கு. இப்ப விட்டா எல்லாத்தையும் கொட்டி முதல்லயிருந்து துவங்கோணும்."

"தங்கச்சியோ தெரியாது, மச்சான்."

"இன்சூரன்ஸ் விக்கிறவனாயிருக்கும். பிடி டோர்ச்சை."

பிடித்தான். "ஓம்." "ஓம்." நாற்பத்து மூன்றில் மணி நின்றது. ஐம்பது வரைக்கும் ஒன்றையும் தவறவிடாமல் ஓம் சொல்லிவிட்டுத்தான் போனான். திரையில் இலக்கம் விழாத ஒரு தவறிய அழைப்பு.

பிறகு வேலைக்கும் போகாமல் யன்னலடியிலேயே இருந்தான். அவளிடமிருந்து பிறகு அழைப்பே வரவில்லை. மே மாதம் போர் முடிந்ததோடு எங்கள் சனத்தின் எல்லா வீட்டுப் போன்களும் அடங்கின.

என்னை அவன் ஒரு சொல் ஏசவில்லை. ஒருநாள் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது மட்டும் திரும்பாமல் கேட்டான்: "மச்சான், அந்தக் கடைசிப் பத்தும் வெடிச்சதோ?"

"இன்னும் சுடேல்லையடா."

"வெடிக்கும். ஒண்டும் வெறுமையில்லை. நான் வடிவாப் பாத்தனான்."

அந்த ஐம்பதையும் சுடாமலே, துவக்கோடு சேர்த்து, துவக்குச் சுடும் கிளப்பில் ஒப்படைத்தேன். சுதன் பிரான்சுக்குப் போய்விட்டான்; இலக்கமும் மாற்றிவிட்டான். கொட்டிலை இடித்து அந்த இடத்தில் அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் போன் அடித்தால், கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுக்கிறேன். இன்சூரன்ஸ் விற்கிறவன்தான் பேசுகிறான்.