எனக்குப் பண்ணாத கல்யாணம்

தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் எதுவுமே கேட்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது. பையனுக்கு பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவனுடைய அப்பா கேசரியை ஒரு வாய் மட்டும் எடுத்துக்கொண்டு தட்டைக் கீழே வைத்தார்.

"நகை, பணம் ஒண்ணும் வேணாம் சார். கல்யாணத்த மட்டும் நல்லபடியா பண்ணிக் குடுத்துடுங்க."

அப்பா கைகூப்பினார். அவர்கள் ஏறிய ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார். உள்ளே வந்ததும் அம்மாவிடம், "நல்லபடியான்னு சொல்லீட்டாங்க, கேட்டியா?" என்றார்.

இவ்வளவு வேண்டும் என்று அவர்கள் ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் அப்பா பேரம் பேசியிருப்பார். அதில் அவரை மிஞ்ச மைசூர் தேவராஜா மார்க்கெட்டில் ஆள் கிடையாது. 'நல்லபடியா' என்ற சொல்லோடு எப்படிப் பேரம் பேசுவது? அதற்குள் எதை வேண்டுமானாலும் போடலாம். போட்டுக்கொண்டே இருந்தார்.

அப்பா கௌதள்ளி கிராமத்திலிருந்து இளம் வயதில் மைசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு எடுக்கும் துணி பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணியாகவே இருக்கும். பண்டிகையன்று நானும் தங்கையும் நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டையில் பட்டாசு வெடிப்போம். தெருவில் சிரித்தார்கள். அப்பாவுக்கு அது காதிலேயே விழுந்ததில்லை. தசராவுக்கு அரண்மனை விளக்கை வெளியே நின்று பார்த்துவிட்டு, பொருட்காட்சிக்குள் நுழையும் முன் மரத்தடியில் உட்கார்த்தி வைத்துப் புளிச்சோறு கொடுத்துவிடுவார். உள்ளே போனால் எங்களுக்குப் பசிக்காது.

வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டு, அப்படி மிச்சம் பிடித்துத்தான் சொந்த வீடு கட்ட ஊருக்கு வெளியே ஒரு சைட் வாங்கியிருந்தார். மைசூரில் மனை என்று யாரும் சொல்வதில்லை, சைட்தான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை அழைத்துப் போய், முள்செடிகளுக்கு நடுவில் நின்று சமையலறை இங்கே, படுக்கையறை அங்கே என்று கையால் காட்டுவார். அம்மாவுக்கு ஒரே ஆசை. குழாய் சமையலறைக்கு உள்ளேயே இருக்க வேண்டும்.

கல்யாணப் பேச்சு முடிவான அடுத்த மாதம் அந்த சைட்டை விற்றுவிட்டார். எங்களிடம் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் கால்தான் முதலில் வலிக்கிறது. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த நான்தான் எல்லாக் கடைகளுக்கும் கூடப் போக வேண்டியிருந்தது. முகூர்த்தப் புடவை, பட்டுக்குப் பேர்போன கொள்ளேகாலில் எடுத்தோம். ரிசப்ஷனுக்குத் தனியாக, மாலை மாற்றும் சடங்குக்குத் தனியாக, ஊருக்குப் புறப்படும்போது கட்டத் தனியாக என்று சயாஜி ராவ் ரோட்டில் கடை கடையாக ஏறினோம். அந்த வருஷங்களில் ஊரின் காற்றே மாறிக்கொண்டிருந்தது. எல்லார் வீட்டிலும் கேபிள் டிவி வந்துவிட்டது. சீரியலில் வரும் ஜாக்கெட்டின் கழுத்தை டெய்லரிடம் வரைந்து காட்டினார்கள். யார் கல்யாணத்துக்குப் போனாலும் போன மாதம் பார்த்த கல்யாணத்தைவிட ஒரு வரிசை விளக்கு கூடுதலாக இருந்தது. கடைக்காரர் புடவைகளை விரித்துப் போடப்போட, எனக்கு எது சிவப்பு எது அரக்கு என்று தெரியாமல் போனது. அப்பா மட்டும் மூலையில் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்னும் கெட்டியா ஜரிகை இருக்கறதக் காட்டுங்க" என்பார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

ஒருநாள் கடைப்படியில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு ரொம்ப பேஜாராயிடுச்சு. இத்தன புடவய வெச்சுட்டு நான் என்ன பண்றது? அங்க நான் சுடிதார்தான் போடப்போறேன். அவரே கேட்டாரு, எதுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டம்னு. நீ அப்பாகிட்ட சொல்லு. நான் சொன்னா, நீ சின்னப் பொண்ணு பேசாம இருங்கறாரு."

அடுத்த நாள் சாயங்காலம் போனேன். அப்பா தனியாக உட்கார்ந்து சமையல்காரர் கொண்டுவரும் ஆட்களுக்குப் படுக்க எங்கே இடம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, போதுங்கப்பா. அவளே வேண்டாங்கறா. எனக்கு நஞ்சன்கூடு கோயில்ல பண்ணீங்க. காலைல தாலி கட்டி, மெஸ்ல சாப்பிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டோம். என்ன கொறஞ்சு போச்சு?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்குத்தான் கண்ணு இதெல்லாம்."

எனக்குப் புரியவில்லை.

"உன்ற கல்யாணம் முடிஞ்சு டூட்டிக்குப் போனேன். கேன்டீன்ல ஒருத்தன் எல்லாரும் இருக்கறப்பவே கேட்டான், ஏம்ப்பா, தாயில்லாப் புள்ளைக்குப் பண்ற மாதிரிப் பண்ணிட்டியேன்னு. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா உன்ன எப்பப் பார்த்தாலும் அதான் நெனப்பு வருது. மூத்த பொண்ணுக்கு ஒண்ணும் பண்ணாம அனுப்பிட்டோமேன்னு. உனக்குப் பண்ணாததையெல்லாம் சேர்த்து இவளுக்குப் பண்ணிப்போடறேன். அப்பத்தான் எனக்கு ஆறும்."

என் கல்யாண நாளை நான் சந்தோஷமாகவே நினைத்து வைத்திருந்தேன். கபினி ஆற்றில் கால் நனைத்தது, மெஸ்ஸில் என் கணவர் தன் இலையிலிருந்த வடையை எனக்குத் தள்ளியது, திரும்பும் பஸ்ஸில் மாலையின் மணத்துக்கு ஒரு குழந்தை தும்மிக்கொண்டே வந்தது. யாரும் பாவப்பட வேண்டிய கல்யாணமாக அது எனக்குத் தோன்றியதே இல்லை. இத்தனை வருஷமும் அப்பா என்னைப் பார்த்தபோதெல்லாம் பாவப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். "நமக்கென்ன, நல்லாத்தானே இருந்தது" என்றார். நல்லாத்தான் இருந்தது. ஆனால் அன்று முதல் அதை முன்போல நினைக்க முடியவில்லை.

கல்யாணம் நடந்தது. பெரிய சத்திரம். வாசலிலிருந்து மேடைவரை சீரியல் விளக்குகள், ரோஜா ஒட்டிய கார், வீடியோ, மெல்லிசைக் குழு. பந்தியில் சிரோட்டி என்ற அடுக்கடுக்கான இனிப்புக்குப் பாதாம்பால் ஊற்றிக்கொண்டே போனார்கள். பாதிப் பேர் நொறுக்கிப் போட்டுவிட்டு எழுந்தார்கள். பியூட்டி பார்லர் பெண் தங்கையின் முகத்தில் பூசியதில் அவளை அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை. வீடியோ விளக்கின் சூட்டில் அவள் கண்களில் நீர் வழிந்தபடி இருந்தது. அழுகிறாள் என்று நினைத்து யார் யாரோ ஆறுதல் சொன்னார்கள்.

அப்பா புது சஃபாரி சூட்டில், கடிக்கிற ஷூவில், வாசலிலேயே நின்றார். தொழிற்சாலை ஆட்கள் வந்தபோது ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். கேன்டீனில் அந்த வார்த்தை சொன்னவர் வந்தாரா என்று பிறகு கேட்டேன். அவர் ரிட்டயராகி ஊருக்கே போய்விட்டாராம்.

மறுநாள் மத்தியானம் சம்பந்தி விடைபெற்றுக்கொள்ள வந்தார். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். "எல்லாம் நல்லபடியா இருந்துச்சுங்களா சம்பந்தி?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. எனக்கு சுகர் இருக்கே, ஸ்வீட்டெல்லாம் தொடறதில்ல. ஆனா அந்த ரசம் இருக்கே, அபாரம்! ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சேன்."

அவர் மனதாரத்தான் சொன்னார். அப்பா தலையாட்டினார். நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தங்கை பெங்களூரில் நன்றாகவே இருக்கிறாள். அந்த மனிதர்கள் நல்லவர்கள். கோயிலில் வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தாலும் இதே போலத்தான் அவளை வைத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பா ரிட்டயரான பிறகு அதே வாடகை வீட்டிலேயே இருந்தார்கள். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியதும், மேட்டகள்ளியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் அப்பா வேலைக்குச் சேர்ந்துகொண்டார். கண் சரியாகத் தெரியாததால் இயந்திரத்தில் நிற்க விடவில்லை. சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. வேண்டாம் என்று நானும் தங்கையும் சொல்லிப் பார்த்தோம். பணம் அனுப்புகிறேன் என்று அவள் சொன்னதற்கு, "பொண்ணு ஊட்டுக் காசா?" என்று ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் காலையில் கடைக்குப் போனவள் அவரை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பக்கத்தில் போய் நின்றேன்.

"வருத்தமா இருக்குதுங்களாப்பா?" என்று கேட்டேன். எதைப் பற்றி என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"என்னத்த வருத்தம்? வேலைன்னு ஒண்ணு இருந்தா நேரம் போவுதல்ல?" என்றார்.

பஸ் வந்தது. படி வரைக்கும் கூட்டம். அதைப் போக விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸுக்காக இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.