தங்கையைத் தள்ளிவிட்ட கைகளோடு ஜெபித்தேன்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, நான் சொல்லப்போவது பெருமைப்படக்கூடிய காரியம் அல்ல. என் தங்கை மேரிக்கு இடது காது கேட்காது. அதற்குக் காரணம் நான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் அப்பா மலையில் ஏலத்தோட்ட வேலையில் இருந்தார். காய்ச்சலில் அவர் இறந்ததும் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்திலுள்ள போடிக்கு இறங்கி வந்தாள். சரக்கு அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில் ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்கும் வேலை கிடைத்தது. என்னை எட்டாம் வகுப்பில் சேர்த்தாள். எனக்குப் பதின்மூன்று வயது. மேரிக்கு ஆறு.

தோட்டத்தில் மலையாளக் குடும்பங்களோடு வளர்ந்ததால் தண்ணீரை நாங்கள் ‘வெள்ளம்’ என்றுதான் சொல்வோம். பள்ளியில் முதல் நாளே, “டீச்சர், வெள்ளம் குடிக்கணும்” என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து நான் உள்ளே நுழைந்தால் கமலா என்கிற பெண், “வெள்ளம் வந்துருச்சு, ஓடுங்கடி!” என்று கத்துவாள். எல்லோரும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறுவார்கள்.

நான் பள்ளியில் பேசுவதையே நிறுத்திவிட்டேன். குழாயடியில் யாரோ இரண்டு பேர் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். நான் எதற்கும் உதவாதவள், அப்பாவோடு நானும் போயிருக்கலாம் என்று நினைப்பேன். அங்கே வாய் திறக்காத நான் வீட்டில் மேரியை அடித்தேன். அவள் ஒரு மலையாள வார்த்தை சொன்னால் போதும், தொடையில் கிள்ளுவேன். அம்மா வருவதற்குள் அழுகையை அடக்கச் சொல்லி மிரட்டுவேன்.

ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம். அன்று என் புத்தகப் பையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். நனைந்த நோட்டுகளைத் தரையில் விரித்துக்கொண்டிருந்தேன். விளையாடிவிட்டு ஓடி வந்த மேரி, “சேச்சி, வெள்ளம் தா” என்றாள். இரண்டு கைகளாலும் அவளைத் தள்ளினேன். ஆட்டுக்கல்லில் தலை மோதி விழுந்தாள். காதிலிருந்து ரத்தம் வந்தது.

“கால் இடறி விழுந்துட்டாம்மா” என்று பொய் சொன்னேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், “இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா” என்று சொல்லிவிட்டார். மேரி கண் திறக்கவில்லை. அம்மா என் தலையைத் தடவி, “நீ என்ன ஆத்தா செய்வ, அழுவாத” என்றாள். அந்தக் கை என்னைச் சுட்டது. இரண்டு நாள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. தேவனும் என்னைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்வார் என்று பயந்தேன்.

மூன்றாம் நாள் காலை, கட்டிலருகே அம்மாவிடம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் இருந்த கோபத்தில் நான்தான் மேரியைத் தள்ளினேன் என்று சொல்லிவிட்டேன். அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். மேரியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, “உன்னைய அந்தப் பிள்ளைக என்னடி செஞ்சாளுக?” என்று கேட்டாள். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சொல்லி அழுதேன். இருவரும் முழங்காலிட்டோம். “ஆண்டவரே, தப்பு செஞ்சது நான். இவளைக் கொடுத்துருங்க” என்பதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை.

மதியம் மேரி கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. “தண்ணி” என்றாள். சொல்லிவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரியமானவர்களே, ஜெபம் கேட்கப்பட்ட அந்த நொடியில்தான் என் இருதயம் உடைந்தது. சாகக் கிடந்த பிள்ளை, என் அடிக்குப் பயந்து வார்த்தையை மாற்றிக் கேட்டாள்.

உயிரைத் தந்த தேவன் காதைத் திருப்பித் தரவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. அம்மா பள்ளிக்குப் போய்ப் பேசினாள். கேலி குறைந்தது, நிற்கவில்லை. ஆனால் அதன் பிறகு தினமும் வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அம்மாவிடமும் ஆண்டவரிடமும் சொன்னேன். மேரியின் மேல் நான் மறுபடி கை ஓங்கவில்லை. அவள் என்னை நம்பி மடியில் வந்து உட்கார ஒரு வருடம் ஆனது.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை காரணமில்லாமல் சீறினால், தண்டிப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். இதைக் கேட்கிற பிள்ளையே, சொல்ல ஆளில்லை என்று நீ நினைத்தால் ஆண்டவரிடம் சொல். பொய் சொன்ன வாயோடு போன என்னையே அவர் தள்ளவில்லை.