நேர்கோட்டில் ஒரு மலை

என்னை எங்கே பார்த்தாலும் அந்தப் பெண் காறித் துப்புவாள். துப்பட்டும். அவள் மகள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றதற்கு நான்தான் காரணம்.

நான் கல்வித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளுக்குப் படிக்கும் உரிமை உண்மையிலேயே கிடைக்கிறதா என்று கண்காணிக்க, குறிகாட்டிகளை வகுக்கும் குழு ஒன்றில் என்னையும் சேர்த்தார்கள். எதைப் பார்த்து 'கிடைக்கிறது' என்பது, எதைப் பார்த்து 'இல்லை' என்பது. குறிகாட்டி என்றால் அவ்வளவுதான். தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி இல்லாத ஊருக்கு அரசு செலவில் ஆட்டோ உண்டு. அந்தக் கிலோமீட்டரை எப்படி அளப்பது என்பதில் சண்டை வந்தது. வரைபடத்தில் ஊருக்கும் பள்ளிக்கும் நேர்கோடு போட்டு அளந்தால் போதும் என்றேன் நான்.

குழுவில் இளம் ஆசிரியை ஒருவர் இருந்தார், வெளியூர்க்காரர். "பிள்ளைங்க நடக்கிற பாதையை அளக்கணும் சார். மேப்புல கோடு போட்டா நடுவுல இருக்கிற மலை எங்க போச்சு?" என்றார்.

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் முந்தைய கூட்டத்தில் அவர் என் கணக்கில் ஒரு தப்பை எல்லோர் முன்னாலும் காட்டியிருந்தார். தவிர, பாதையை அளப்பதென்றால் சித்திரை வெயிலில் ஊர் ஊராக நடக்க வேண்டும்.

"மேடம், செஞ்சிக்கு வந்து எத்தனை நாளாச்சு? நான் இந்த மலையடியிலயே பொறந்தவன். எங்க பிள்ளைங்க பாறைமேல ஏறிக் குறுக்கால போயிடும். உங்களுக்குத்தான் செருப்பு தேயும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. உள்ளூர்க்காரன் சொல்கிறானே என்று நேர்கோட்டையே முடிவு செய்தார்கள். அந்த மலையில் குறுக்குப் பாதை கிடையாது. ஆடுகூடத் தயங்கும் பாறைகள்.

புதிய அளவுப்படி, மலைக்குப் பின்னாலிருந்த குக்கிராமத்துக்குப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே வந்துவிட்டது. அதுவரை ஓடிய ஆட்டோ நின்றது. பிள்ளைகள் மலையைச் சுற்றி, லாரி போகும் ரோட்டோரமாக நடந்தார்கள். ஒரு லாரி உரசினாற்போலப் போக, இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். கை கூடிய பிறகும் அவளை அம்மா அனுப்பவில்லை. மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பறிக்கத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள்.

கேள்விப்பட்டு அந்த வீட்டுக்குப் போனேன்.

"இன்னா பெருசு, ஸ்கூல் பக்கத்துலதான் இருக்குதுன்னு சொன்னியாமே? எம் பொண்ணுக்கு இன்னா றெக்கையா மொளச்சிருக்குது?"

"தப்பு என்னுதுதான்மா. ஆட்டோவுக்கு நான் பணம் தரேன்."

"உம் பணம் யாருக்கு வேணும்? நாளைக்கு நீ செத்துட்டா எம் பொண்ணு மறுபடி நடக்கணுமா? கவர்மெண்ட்டு குடுத்துக்கினு இருந்தத நீ புடுங்கிட்டு, இப்ப பிச்ச போட வந்துட்டியா? திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்கப் போறோம். வந்து, நான்தான் பொய் சொன்னேன்னு அங்க சொல்லு."

போனேன். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் விழுப்புரத்துக்குப் போன பஸ்ஸில் அந்தக் கிராமத்தார் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. மனு வாங்கிய அதிகாரி முன்னால், மலையில் பாதை இல்லை, தெரிந்தேதான் பொய் சொன்னேன் என்றேன். என் காதுக்கே என் குரல் எரிச்சலாக இருந்தது.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "சரிங்கய்யா. அப்ப சுத்திப் போனா எவ்வளவு தூரம்?"

எனக்குத் தெரியவில்லை. மலையடியில் பிறந்தேன், அளவுகோல் வகுத்தேன். அந்தப் பிள்ளைகள் போகும் வழியில் ஒருநாளும் நடந்ததில்லை.

"அளந்து எழுதிக்கிட்டு வாங்க, பாக்கலாம்" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் அந்தப் பிள்ளையின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்கா எங்க ஒரு நாள் கூலியக் கெடுத்த? சொல்ல வந்தவன் நடந்து பாத்துட்டு வரக்கூடாது?"

"நாளைக்கே அளந்துடலாம். ஸ்கூட்டர்ல..."

"ஸ்கூட்டரா? நடந்து வா. என் வீட்டு வாசல்லேர்ந்து ஸ்கூல் கேட்டு வரைக்கும். எம் பொண்ணு முன்னால போவா, நீ அவ பின்னாலயே வரணும். லாரி வர்ற பக்கம் நீ நட."

காலையில் புறப்பட வேண்டும்.