அது என் குதிரைங்க

கல்லூரியில் சேர்ந்த ஆண்டின் கோடை விடுமுறையில், ஜவ்வாது மலையில் எங்கள் புதூர்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வெளியூர்க்காரர்கள் ஒரு சதுரங்கப் போட்டி நடத்தினார்கள். எங்கள் ஊரில் வேறு யாருக்கும் அந்த ஆட்டம் தெரியாது. அதனால் வெள்ளைக்கும் நானே, கறுப்புக்கும் நானே என்று தனியாக ஆடியே பழகியவள் நான். என்னை நானே வென்றதெல்லாம் வெற்றிதானா என்று தெரிந்துகொள்ளவே பெயர் கொடுத்தேன்.

கடைசிச் சுற்றில் எதிரே அமர்ந்தவர் திருப்பத்தூரிலிருந்து வந்த, என் வயதுப் பெண். பல போட்டிகளில் ஆடித் தரப்புள்ளிகள் பெற்றவர். எனக்கு ஒரு புள்ளியும் கிடையாது. துணைக்கு வந்திருந்த சித்தப்பா காதோரம் சொன்னார்: "அந்தப் பொண்ணு பெரிய ஆளாம். சட்டுனு தோத்துட்டு வா, வூட்ல சாமை சோறு ஆறிப் போவுது."

என் சிப்பாயை நகர்த்தினேன். பழக்கதோஷத்தில், அடுத்ததாக அவருடைய கறுப்புக் குதிரையையும் நானே தூக்கிவிட்டேன். திடுக்கிட்டவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அது என் குதிரைங்க. நீங்க கிளாக்க அழுத்துங்க, உங்க டைம் போவுது."

காயை நகர்த்தியதும் கடிகாரத்தை அழுத்தினால்தான் நம் நேரம் நிற்கும். தனியாக ஆடியவளுக்குக் கடிகாரம் ஏது? மறந்துகொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணால் அதைக் காட்டினார். சும்மா இருந்திருந்தாலே என் நேரம் தீர்ந்து அவர் வென்றிருப்பார். சில நொடிகளே மிச்சமிருந்தபோது, என் யானை அவருடைய ராஜாவைக் கடைசி வரிசையில் மடக்கியது.

கை குலுக்கியதும் அவர் காய்களை மறுபடி அடுக்கினார். "வாங்க, எங்க கோட்டை விட்டேன்னு பாக்கலாம்."

ஒவ்வொரு நகர்வாகத் திரும்ப ஆடினோம். "இந்த எடத்துல நீங்க பயந்துட்டீங்க" என்றார். "நீங்கதாங்க பயந்தீங்க" என்றேன். முன்பின் அறியாத ஒருவரிடம் நான் அப்படி வாயாடியதே இல்லை. ஆட்டத்தில் பாதி வருவதற்குள், மலையிறங்கும் கடைசிப் பேருந்து ஒலியெழுப்பியது. "மீதிய அடுத்த போட்டியில பாக்கலாங்க" என்று ஓடினார்.

"செயிச்சிட்டு இன்னாத்துக்கு மொகத்த தூக்கி வச்சினுகிற?" என்றார் சித்தப்பா.

அதன்பின் நான் போன எந்தப் போட்டிக்கும் அவர் வரவில்லை. இன்றும் விடுதி அறையில் தனியாகத்தான் ஆடுகிறேன். வெள்ளையை நகர்த்திவிட்டுக் கறுப்புக் குதிரையை நெருங்கும் என் கை, அது தன்னுடையது என்று யாரேனும் சொல்லமாட்டார்களா எனச் சற்று நேரம் காத்திருக்கிறது.